ரெண்டு தபா சோப்பு

நாற்றம் வந்ததும் லேபில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். ராஜவேலு மட்டும் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தான்.

அவன் பயந்தபடியே அப்பா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்.

கெமிஸ்ட்ரி லேபில் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஹைட்ரஜன் சல்பைடு என்று புத்தகத்தில் போட்டிருக்கும். ராஜவேலுவின் வீட்டில் அந்த நாற்றத்துக்குப் பெயரே கிடையாது. அது வந்தால் அப்பா வேலை முடிந்து வந்துவிட்டார் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அப்பா பூங்காவனத்துக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தண்ணீரில் ஆட்டுத் தோலை ஊறப்போட்டு, மயிர் கழன்றதும் கரையில் இழுத்துப் போட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவருக்கு அதே குழிதான்.

வேலூரில் பி.எஸ்ஸி. சேர்ந்த முதல் நாளே, அப்பாவுக்குக் குடியாத்தத்தில் தறி இருக்கிறது என்று ராஜவேலு சொல்லி வைத்திருந்தான். லுங்கி வியாபாரமும் உண்டு என்று பிறகு சேர்த்துக்கொண்டான். பொய் என்று ஆனபிறகு அதில் கஞ்சத்தனம் எதற்கு?

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பத்து வருஷமாகியும் அந்த லேபின் ஜன்னல்களுக்கு வரவில்லை. துருப்பிடித்து மூடியே கிடந்தன. நாற்றம் ஏறிக்கொண்டே போனது.

"யார்ரா அந்த ஆளு? உன்னையே பாக்கறாரு" என்றான் பக்கத்து மேஜை சுந்தரமூர்த்தி, மூக்கைப் பிடித்த குரலில்.

ராஜவேலு காதில் விழாததுபோல் சோதனைக் குழாயைக் கழுவினான். அது ஏற்கெனவே கழுவிய குழாய்.

"எவன்டா கிப்பைத் திறந்து விட்டுட்டு வந்தது?" என்று டெமான்ஸ்ட்ரேட்டர் கத்தினார்.

கிப் என்பது அந்த வாயுவைத் தயாரிக்கும் கண்ணாடிப் பாத்திரம். வராந்தாக் கோடியில் ஒரு தனி அறையில் இருந்தது. வேண்டிய வாயுவைப் பிடித்துக்கொண்டதும் திருகை மூடிவிட்டு வர வேண்டும். ராஜவேலு சற்று முன்தான் அங்கே போய் வந்தான். இறுக்கி மூடியது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

இருந்தும் அவன்தான் முன்னால் வந்தான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் எல்லோரும் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று வாசலைப் பார்ப்பார்கள்.

"நான்தான் சார். மறந்துட்டேன்."

முட்டாள், மடையன் என்று டெமான்ஸ்ட்ரேட்டர் திட்டியதெல்லாம் அவனுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. போய் மூடித் தொலை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வராந்தாவுக்கு வந்துவிட்டான்.

பூங்காவனம் புதுச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை. பரீட்சை என்று சொல்லிப் பொங்கலுக்கு வராமல் இருந்துவிட்ட பிள்ளைக்கு அம்மா சுட்டுக் கொடுத்த அதிரசம். மகனைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

ராஜவேலு தள்ளியே நின்றான்.

"இங்க இன்னாத்துக்கு வந்தே? உள்ள வரைக்கும் நாத்தம் அடிக்குது. எல்லாரும் மூக்கப் பிடிச்சிக்கினு நிக்கறாங்க. போ மொதல்ல. யார்னா கேட்டா என்னைத் தெரியும்னு சொல்லாத."

"குளிச்சிட்டுத்தாம்பா வந்தேன்" என்றார் அப்பா. "ரெண்டு தபா சோப்பு போட்டேன்."

முழங்கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். முகர்ந்து என்ன பிரயோஜனம்? குழியிலேயே கிடந்து அவருக்கு மூக்குச் செத்து ரொம்ப காலமாகிவிட்டது. தன்மேல் என்ன வாசனை என்பதை அடுத்தவர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது சொல்வது பெற்ற பிள்ளை. அதுவும் கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளை.

"இருக்கும்பா" என்றார். பையைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனார்.

ராஜவேலுவுக்கு மூச்சு வந்தது. இனி அந்த அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மூடிவிட்டதாக வந்து சொல்ல வேண்டியதுதான்.

கதவைத் தள்ளியதும் கண் எரிந்தது.

கிப்பின் நடுக் கோளத்தில் அமிலம் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. திருகு பாதி திறந்து கிடந்தது. அவனுக்குப் பிறகு வந்த எவனோ மூடாமல் போயிருக்கிறான்.

அவன் திருகை மூடினான். நுரை அடங்கி அமிலம் மெல்லக் கீழே இறங்கியது.

அப்பாமேல் என்ன வாசனை வந்தது என்று யோசித்துப் பார்த்தான். தெரியவில்லை. அவ்வளவு பக்கத்தில் அவன் போகவேயில்லை.

வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. நண்பர்களுக்கு முன்னால் வந்த வெட்கமில்லை இது. அதைப் பொய் சொல்லி மூடலாம். இதை எதைச் சொல்லி மூடுவது?

கம்பி ஜன்னல் வழியே காலேஜ் கேட்டுப் பக்கம் பார்த்தான். செடிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயடியில் பூங்காவனம் குந்தியிருந்தார். புதுச் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டியிருந்தார். தரையிலிருந்து மண்ணை அள்ளி அள்ளிக் கையையும் கழுத்தையும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா!" என்று ராஜவேலு கத்தினான். லேபுக்கும் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு பலமாகக் கத்தினான்.

பூங்காவனம் நிமிர்ந்தார். ஜன்னலில் மகனைப் பார்த்தார். சத்தம் கேட்டு லேபிலிருந்து பையன்கள் வராந்தாவுக்கு வந்து எட்டிப் பார்ப்பதையும் பார்த்தார்.

பிறகு, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டையை எடுத்துக்கொண்டு வேகமாகக் கேட்டைத் தாண்டிப் போனார்.