லாரித் தண்ணீர்

"ஒரு சொட்டு பழைய தண்ணி மிஞ்சக் கூடாது. டேங்க்கை நல்லாக் கழுவிட்டு ஏத்துங்க!"

கீழே நின்று வானதி போட்ட சத்தத்தில், மொட்டை மாடியில் லாரிக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் கணவன் தமிழரசன் பதறிப்போனான்.

"மெதுவாப் பேசேன். தெருவுக்கே கேட்குது."

"கேட்கட்டும். பதினோரு வருஷமா இந்த உப்புத் தண்ணியோட மாரடிச்சேனே, எனக்கு யாரு பாவம் பார்த்தா?"

கீழ்வேளூர்ப் பக்கம் வீடு வாங்க வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். இந்த வீட்டுக்கு இதுவரை நான்கு பேர் வந்தார்கள். குடித்தார்கள், துப்பினார்கள், போயே போய்விட்டார்கள். ஐந்தாவது ஆட்கள் இன்று பத்து மணிக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த மாதமே தஞ்சாவூருக்குக் குடிபோய்விடலாம். இல்லாவிட்டால் சாகிற வரைக்கும் இதே உப்புதான்.

அதனால்தான் ஒரு வாரமாக வீட்டில் அமர்க்களம். உப்புக் கறை படிந்த டைல்ஸை ஆசிட் ஊற்றித் தேய்த்தாயிற்று. பொரிந்துபோன குழாய்களைக் கழற்றி வீசிவிட்டுப் பளபளவென்று புதிதாக மாட்டியாயிற்று. குடிதண்ணீர் கேன்களைப் பரணில் ஏற்றிப் பழைய போர்வையால் மூடியாயிற்று. கடைசி வேலை, இந்த லாரித் தண்ணீர்.

ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் வானதி ஒரு பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே இருந்தாள். பிரகதாம்பாள். இந்த வீட்டை இவர்களுக்கு விற்றுவிட்டு அடுத்த தெருவுக்குப் போனவள்.

"புருஷனும் பொண்டாட்டியுமாச் சேர்ந்து இதே மாதிரி லாரித் தண்ணியை ஏத்தி வச்சுத்தானே நம்ம தலையில கட்டினாங்க? பருப்பு வேகாதப்பல்லாம் அவளைத்தான் திட்டினேன். தலைமுடி கொத்துக் கொத்தாக் கொட்டினப்பவும் அவளைத்தான். அவ நல்லா இருப்பாளா?"

"அப்ப நாம மட்டும்..." என்று மெல்ல ஆரம்பித்தான் தமிழரசன்.

"நாம என்ன? நாமளா கண்டுபிடிச்சோம்? எல்லாம் அவ காட்டின வழிதான்!"

அவன் டேங்க்கைக் கழுவக் குனிந்தான். அவளிடம் பேசி ஜெயித்தவன் எவன்?

பத்து மணிக்கு வந்தார்கள். ஜெயபாரதி என்ற பள்ளிக்கூட ஆசிரியையும் அவள் கணவனும். அந்தப் பெண்ணுக்கு ஏழாவது மாதம் இருக்கும். செருப்பைக் கழற்றிய கையோடு நேரே அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். உள்ளங்கையில் பிடித்துக் குடித்தாள்.

வானதி அவள் முகத்தையே பார்த்தாள்.

"அட, நல்ல தண்ணி!" அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "இந்தப் பக்கம் முழுக்க உப்புன்னாங்களே அக்கா. குழந்தை வேற வரப்போகுது, தண்ணியை நெனச்சுத்தான் பயந்துகிட்டே இருந்தேன்."

"சில எடத்துல ஊத்து இப்படி நல்லா அமைஞ்சிடும்மா" என்றாள் வானதி. பொய் தொண்டையில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

தமிழரசன் அவர்களை மாடிக்கு அழைத்துப் போனான். டீ போடலாம் என்று வானதி பாலை எடுத்தபோது யாரோ கொல்லைக் கதவைத் தட்டினார்கள். திறந்தாள்.

பிரகதாம்பாள்!

உச்சந்தலை வரை சூடு ஏறியது வானதிக்கு. மாடியில் ஆட்கள் இருக்கும்போது கத்தவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இங்க வந்தீங்க?"

"காலையில லாரியைப் பார்த்தேன் வானதி. இப்ப அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணு உள்ள வந்ததையும் பார்த்தேன். மனசு கேட்கல. அவகிட்ட உண்மையைச் சொல்லிடும்மா."

"உண்மையைப் பத்தி நீங்க பேசுறீங்களா? அன்னைக்கு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? எம் பொண்ணு அப்பக் கைக்குழந்தை. அவளைப் பார்த்தாவது ஈரம் சுரந்துச்சா உங்களுக்கு? இன்னைக்கு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டீங்க!"

பதினோரு வருஷக் கோபம். பாதியைக்கூடக் கொட்டி முடிக்கவில்லை.

பிரகதாம்பாள் ஒரு படி ஏறி அருகில் வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு அன்னைக்கு என் பக்கத்துலயே நின்னாரு. வாயைத் திறந்தா வெட்டிருவேன்னு மிரட்டி வச்சிருந்தாரு. அவரு கண்ணை மூடுற வரைக்கும் இதை யாருகிட்டயும் சொல்ல முடியல. உங்க வீட்டுக்காரரு அப்படிப்பட்டவரு இல்லைன்னு எனக்குத் தெரியும். உனக்கு என்ன பயம்?"

"பேச்சை மாத்தாதீங்க. சொல்லணும்னு நெனச்சிருந்தா ஒரு ஜாடை காட்டியிருக்கலாமே!"

"காட்டினேனே. அதுக்குத்தானே அன்னைக்கு வீடு பார்க்க வந்த உனக்கு மோர் கொடுத்தேன்?"

"மோரா?"

"டேங்க்ல இருந்தது லாரித் தண்ணி. உனக்குன்னு தனியா, கொல்லை அடிபம்புல உப்புத் தண்ணியை அடிச்சு, அதை ஊத்தித்தான் மோர் கரைச்சேன். ஒரு கல்லு உப்பு போடல. வாயில வச்சதுமே நீ புரிஞ்சுக்கிட்டு, இந்த வீடே வேணாம்னு ஓடிடுவேன்னு நெனச்சேன்."

மாடிப்படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. "எங்களுக்கு வீடு ரொம்பப் பிடிச்சிருக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தாள் ஜெயபாரதி.

பிரகதாம்பாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீதாம்மா, 'உப்பு சரியா இருக்குக்கா'ன்னு இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சே."