தொண்ணூற்றொன்பது சதவீத அசல்

"கணினி தயாரித்த கதை: தொண்ணூற்றொரு சதவீதம்" என்று திரையில் சிவப்பாக விழுந்ததும் சுப்ரமணியனுக்கு ஒரே நொடியில் பத்து வயது கூடிவிட்டது. ஏற்கெனவே எழுபத்திரண்டு.

அது அவர் குடும்பத்தில் ஐந்து தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. கிணறு வெட்டிக்கொண்டே போன ஒருவன் மறுபக்கம் வானத்தில் வெளியே வருவான்.

தாம்பரத்துக் கல்லூரி ஒன்று போடும் நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் தன் கதை வரப்போகிறது என்று அஸ்தினாபுரத்தில் அவர் சொல்லாத ஆள் இல்லை. தெருநாய்களுக்கும் சொல்லியாகிவிட்டது. அவையும் சந்தோஷப்பட்டன.

"சாரி அங்கிள், கம்ப்யூட்டர் அசல்னு சொன்னாத்தான் புக்ல போடுவாங்க," என்றாள் ஆய்வு மாணவி மாளவிகா.

சுப்ரமணியன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். துணைக்கு வந்திருந்த எதிர்வீட்டு பியூலா அவரைப் பிடித்து உட்கார வைத்தார். தபால் நிலையக் கவுன்ட்டரில் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க? கதை நல்ல கதைதான், கொஞ்சம் உப்பு பத்தல. நான் சொல்றேன், நீ அடிம்மா."

கிணறு வெட்டியவன் ஒருவன் ஏழு பேரானான். ஆழம் ஆயிரம் பனை உயரம் ஆனது. மண் கூடை சுமக்க ஒற்றைக்கண் காகம் ஒன்று வந்து சேர்ந்தது. பியூலா மூச்சு விடாமல் அளந்தார். ஐந்து தலைமுறையும் எழுந்து வந்து வாயைப் பிளந்திருக்கும்.

கடைசியில், அந்தக் காக்கா இன்றைக்கும் பம்மலில்தான் இருக்கிறது என்று முடித்தார்.

பச்சை. அசல் நாட்டுப்புறக் கதை. தொண்ணூற்றொன்பது சதவீதம்.

இது நம் கதைதானா என்று சுப்ரமணியனுக்கு லேசாக ஒரு சந்தேகம். பச்சையைப் பார்க்கப் பார்க்க அதுவும் தீர்ந்தது.

மாளவிகா அசந்துபோனாள். இந்தப் பக்கத்துப் பழங்கதைகள் எல்லாமே இப்படித்தான் முடியுமாம். முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பேராசிரியர் தபால் நிலையம் ஒன்றில் வெற்றுப் படிவங்களை வைத்துவிட்டுப் போக, ஜனங்களே கதைகளை எழுதிப் பெட்டியில் போட்டார்களாம். அவற்றைப் படித்துத்தான் கணினி அசலையும் போலியையும் பிரிக்கக் கற்றுக்கொண்டதாம்.

எழுதியவர்களின் பட்டியலைத் திரையில் காட்டினாள். பம்மல் குப்பம்மாள், இரும்புலியூர் ஆரோக்கியம் என்று நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.

"இதுல யாரையாவது உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

பியூலா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். அந்தப் படிவக் கட்டு அவருடைய கவுன்ட்டரில்தான் நாலு மாதம் கிடந்தது. ஒரு ஜீவனும் ஒரு வரி எழுதவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வந்து காலிப் பெட்டியைத் திறந்து பார்த்த பேராசிரியரின் முகத்தைக் கண்கொண்டு பார்க்க முடியாது. ஊருக்கெல்லாம் மணியார்டர் எழுதிக் கொடுத்த கை, எத்தனை வாரம்தான் பொறுத்திருக்கும்?

"எல்லாரையும் தெரியும்மா," என்றார். "நானூத்திப் பன்னெண்டு பேரும் சௌக்கியமாத்தான் இருக்காங்க."