மூத்தவளின் நாற்காலி

பன்னிரண்டு வருடமாக மாமியாரிடம் ‘மலடி’ என்று பேச்சு வாங்கிக்கொண்டிருந்த சியூ பெங்கை, கல்யாண நாளன்று கணவன் டெக் லியோங் அவனாகவே வெளியே கூட்டி வந்தான். ஜார்ஜ் டவுனில் அருங்காட்சியகமாகிவிட்ட பழைய சீன மாளிகைக்கு. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வழிகாட்டிப் பெண் அவளைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“இரண்டாந்தாரமா வர்றவ இங்கதான் மண்டி போட்டு மூத்தவளுக்குத் தேநீர் கொடுப்பா. மூத்தவ குடிச்சிட்டா அவளை ஏத்துக்கிட்டதா அர்த்தம். அப்புறம் மாத்திப் பேச முடியாது. நாமளும் அப்படி ஒரு படம் எடுக்கலாமா?”

“நானா இருந்தா அவ மூஞ்சியிலயே ஊத்தியிருப்பேன்!” சியூ பெங் வாய்விட்டுச் சிரித்தாள்.

“படத்துக்குத்தானே, குடி” என்றான் டெக் லியோங், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி.

வழிகாட்டி மண்டியிட்டு இரு கைகளாலும் கோப்பையை நீட்டினாள். “அக்கா, தேநீர் குடிங்க.”

சியூ பெங் மகாராணிபோல நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரே மடக்கில் குடித்தாள்.

டெக் லியோங் படத்தை உடனே தன் அம்மாவுக்கு அனுப்பினான். பிறகு ஓடி வந்து வழிகாட்டியின் தோளைத் தாங்கிக்கொண்டான்.

“மெதுவா எந்திரி, லீ சின். வயித்துல நம்ம பிள்ளை இருக்கில்ல!”