கேட்கும் பெட்டி

முன்னாள் ராணுவத்தினரின் ஊன ஓய்வூதிய மனுவுக்கு, வீட்டுப் பேச்சை ஏழு நாள் கேட்டு முடிவு சொல்லும் பெட்டி அது. செண்பகவல்லி அலையாய் அலைந்து வாங்கி வந்திருந்தாள். கண்ணிவெடிக்குப் பிறகு ஓயாத தலைவலியில் கிடக்கும் கணவரிடம், "யார் கேட்டாலும் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்று தினமும் கெஞ்சினாள்.

ஏழாம் நாள் அவளுடைய அண்ணன் வந்தார்.

"மாப்ள, உடம்பு எப்படி இருக்கு?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். கணவருக்குப் பட்டாளத்துப் பழக்கத்தில் "நல்லா இருக்கேன்" தொண்டை வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "முடியல மச்சான்" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "நீ எப்படிம்மா இருக்க?"

"எங்களுக்கென்ன அண்ணே, நல்லா இருக்கோம்."

பெட்டி முதல்முறையாக வாய் திறந்தது.

"மகிழ்ச்சி. மனு தள்ளுபடி செய்யப்பட்டது."