கயிற்றுக்கு அந்தப் பக்கம்

"கயித்த அவிழெடா! ரோடு என்ன உங்க தறவாட்டுச் சொத்தா?"

கான்ஸ்டபிள் லத்தியால் கயிற்றைத் தட்டினார். மட்டாஞ்சேரியிலிருந்து பாலத்துக்குப் போகும் சாலையின் குறுக்கே, ஒரு முனை விளக்குக் கம்பத்திலும் மறுமுனை செல்லதுரையின் கையிலுமாக இருந்தது அந்தக் கயிறு. செல்லதுரை விடவில்லை. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை வீசி அடுத்த லாரியையும் நிறுத்தினான்.

"ஸ்டேஷன்ல அனுமதி வாங்கியிருக்கோம் சாரே. எங்க அண்ணன் அழகருக்கு நெஞ்சுல ஆபரேஷன். பணம் கட்டினாத்தான் எர்ணாகுளத்துல சேத்துக்குவாங்களாம்."

"அனுமதி ஓரத்துல நின்னு கேக்க மட்டும். வண்டிய மறிக்கப் பாடில்ல, கேட்டோ. அதுக்கு ரூல் உண்டு."

"ஓரத்துல நின்னா எவன் சாரே கண்ணாடிய எறக்குறான்? நாம கை காட்டினா அவனும் கை காட்டிட்டுப் போறான்."

கூட்டாளி வெங்கிட்டு வாளியை நீட்டினான். "சாரும் எதாச்சும் போடுங்க. புண்ணியமாப் போகும்."

கூட வந்திருந்த அவர்கள் தெரு ஆட்கள் சிரித்தார்கள். கான்ஸ்டபிள் சிரிக்கவில்லை.

"ஜீப்போட வரேன். அப்பச் சிரிங்க." சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

ஜீப் வருவதற்குள் வாளி நிறைய வேண்டும். அதுவரை நாலைந்து வண்டிக்கு ஒருமுறை கயிற்றைத் தளர்த்தியவர்கள், அதன்பின் ஒன்றையும் விடவில்லை. எர்ணாகுளம் போக வேறு வழியும் கிடையாது. வரிசை வளைவு வரை நீண்டது.

அன்று அழகருக்குக் கொஞ்சம் தெளிவு. காலையில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார் என்று அண்ணி பாக்கியலக்ஷ்மி சொல்லி அனுப்பியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து செல்லதுரைக்குக் குரல் கூடியிருந்தது.

வளைவருகே ஒரு டாக்ஸி விடாமல் ஹார்ன் அடித்தது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டிருந்தது. பின் ஜன்னலிலிருந்து ஒரு கை வெள்ளைத் துண்டை வீசிக்கொண்டிருந்தது.

"பாருடா வெங்கிட்டு, நம்மள மாதிரியே துண்ட வீசி நம்மளையே கேலி பண்றான்!"

"மாட்னிக்கு நேரமாச்சோ என்னவோ."

"கெடக்கட்டும். அவன்கிட்ட கடைசியாப் போவோம்."

லாரிக்காரர்கள் திட்டிக்கொண்டே போட்டார்கள். யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். இரைச்சலில் ஒன்றும் புரியவில்லை. வாளி கனத்தது. ஹார்ன் மட்டும் ஓயாமல் அலறியது.

திடீரென்று அது நின்றது. துண்டும் உள்ளே போய்விட்டது.

"அடங்கிட்டான்" என்றான் செல்லதுரை. கயிற்றை வெங்கிட்டிடம் கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வண்டிகளுக்கிடையே நடந்தான். இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாளியை நீட்டுவது என்றிருந்தான்.

டாக்ஸி டிரைவர் ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்திருந்தான். பின் சீட்டில் பாக்கியலக்ஷ்மி. அவள் மடியில் அழகர் கண்மூடிக் கிடந்தார்.

செல்லதுரை திரும்பி நின்று தொண்டை கிழியக் கத்தினான். "கயித்த விடுடா வெங்கிட்டு! வழி விடச் சொல்லு!"

ஜன்னல் வழியே ஒரு கை நீண்டு அவன் சட்டையைப் பிடித்தது.

"இனி அவசரமில்ல தம்பி."