மூச்சு அந்தப் பக்கம்

“சத்தியமாச் சொல்றேன் சார், ஒரு வார்த்தைகூடக் கலப்படம் இல்ல. இன்னிக்கு நீச்சல் போட்டியில மூணாவது லேன் பொண்ணுதான் ஜெயிச்சுது. ஆனா படம்தான் இல்ல.”

போட்டோகிராபர் கேமராவை மேசைமேல் வைத்தார். கண்ணெல்லாம் தூக்கம்.

பொறுப்பாசிரியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். விளையாட்டுப் பக்கத்தில் மூன்று பத்தி அகலத்துக்கு ஓர் ஓட்டை வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

“இன்னொரு தரம் வெறுங்கையோட வந்தா வேலை இல்லன்னு போன மாசமே சொன்னேன். ஒண்ணுகூடவா தேறல?”

“எப்படி சார் தேறும்? ஏசி பஸ்ல போய் வெக்கையில இறங்கினதும் லென்ஸ் பூரா ஆவி. தொடைச்சுட்டு நிமிர்ந்தா, அந்தப் பொண்ணு மூச்சு விடறதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பி. எனக்குக் கிடைச்சது ரப்பர் தொப்பிதான்.”

“அந்தப் பக்கம் போறதுதானே?”

“ஓடினேனே. நான் போய்ச் சேர்றதுக்குள்ள அது திரும்பி வருது. இப்ப மூச்சு நான் விட்டுட்டு வந்த பக்கம். கடைசியில நேருக்கு நேரா நின்னேன். அது சுவரைத் தொட்ட வேகத்துல ஒரு அலை எழும்பிச்சு பாருங்க, கேமராவைத் தலையோட குளிப்பாட்டி விட்டுடுச்சு.”

பொறுப்பாசிரியர் கேமராவைத் தொட்டுப் பார்த்தார். “கருவாடாட்டம் காஞ்சு கிடக்கு?”

“வெயில்ல வச்சிருந்தேன் சார்.”

பொறுப்பாசிரியர் பக்கத்து மேசையில் தலை தொங்கிக்கொண்டிருந்த நிருபரைத் தட்டினார். “நீயும் போனியேப்பா. இவர் சொல்றது நிஜமா?”

போட்டோகிராபர் கேமரா வாரைச் சுருட்டத் தொடங்கினார். வேலை போனால் மச்சானின் கல்யாண வீடியோ கடையில் லைட் பிடிக்க வேண்டியதுதான். வீட்டம்மா போன வாரமே பேசி வைத்துவிட்டாள்.

நிருபர் கொட்டாவியை விழுங்கினான். “ஆமா சார். அந்த அலையில என் சட்டையும் தொப்பல். நம்ம போட்டோ அண்ணன் ஓடின ஓட்டத்துக்கு நீச்சல் பசங்களே கை தட்டினாங்க. மூணாவது லேன்தான். ஒரு விரல்கடை வித்தியாசம்.”

போட்டோகிராபர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

பொறுப்பாசிரியர் பெருமூச்சு விட்டார். “தெரியும்ப்பா. முதலாளி போகச் சொன்னாரேன்னு நானும்தான் போயிருந்தேன். அந்தப் பொண்ணுக்குக் கோப்பை குடுத்ததே நான்தான். உங்க வாயால வரட்டும்னு கேட்டேன். போகட்டும், போன வருஷப் படம் ஒண்ணை வச்சு ஓட்டையை அடைங்க. தொப்பி போட்டா எல்லாப் பொண்ணும் ஒரே சாடைதான். வேலையெல்லாம் போகாது, போ.”

பக்கம் அச்சுக்குப் போனது. தொலைபேசி அடித்தது. பொறுப்பாசிரியர் எடுத்து, இரண்டு முறை ‘ம்’ கொட்டிவிட்டு வைத்தார்.

“யாரு சார்?”

“ராங் நம்பர். வீட்டுக்குப் போய்த் தூங்குங்க.”

பேசியது நீச்சல் குளத்து மேனேஜர். குளத்தில் விரிசல் கண்டு நேற்றே தண்ணீரை வடித்துவிட்டார்களாம். போட்டி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனதை ஒரு வரி போட முடியுமா என்று கேட்டார்.