கடைசியாகப் பார்த்தபோது

கணினி நிரல்களில் பிழை தேடும் ‘டீபக்கர்’ மென்பொருள் காட்டும் பதிவுச் செய்திகளைத் திருத்தி எழுதுவது தமயந்தியின் வேலை. ஒரு நிரலுக்குள் இழைகள் எனப்படும் பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும். அவற்றில் ஒன்று கண்ணில் படாவிட்டால், ‘இழை முடிந்துவிட்டது’ என்று சொல்லிவிடும் பழைய செய்தி. அதைப் படிக்கப் படிக்க அவளுக்கு எரிச்சலாக வந்தது. முடிந்ததை யார் பார்த்தார்கள்? தேடும்போது இல்லை, அவ்வளவுதானே. ‘கடைசியாகப் பார்த்தபோது ஓடிக்கொண்டிருந்தது. இப்போது காணவில்லை. காரணம் தெரியாது’ என்று மாற்றினாள்.

அதைச் சரிபார்த்த சக ஊழியர் ஜெரால்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

“எல்லாம் உண்மைதாங்க. ஆனா படிக்கிறவன் இதை வச்சு என்ன பண்ணுவான்? இன்னும் காத்திருக்கணுமா, வேண்டாமா? அதச் சொல்லுங்க.”

அவள் வாய் திறப்பதற்குள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஷேவிங் பிளேடு வாங்கிவரப் போன தம்பி குமரகுரு திரும்பி வராமல் வருடங்கள் ஓடிவிட்டன. அவன் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டுதான் அம்மா பேசினாள்.

“அப்பா மாலை வாங்கிட்டு வந்துட்டாருடி. இனிமே வரமாட்டான்னு எல்லாரும் சொல்லியாச்சு. நானும் சந்தனத்தைக் குழைச்சு வச்சிட்டேன், கைதான் போகமாட்டேங்குது. பொட்டு வைக்கட்டுமா, வேண்டாமா? நீ ஒரு வார்த்தை சொல்லு.”

தமயந்தி திரையைப் பார்த்தாள். தான் எழுதியிருந்ததில் அம்மாவிடம் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை.

“போட்டோ கண்ணாடிய மட்டும் துடைச்சு வைம்மா.”

“அதைத்தான்டி தினமும் பண்றேன்,” என்றாள் அம்மா. “சந்தனம் காயுது.”